கறுப்பு நூல் கட்டிய பல்பு

மதினி,

வாசல் பல்பு போய்விட்டது. நீங்கள் போய் மூன்று மாதமும் நாலு நாளும் ஆகிறது. முந்தாநாள் சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்வியின் மகன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொடுத்தான். கையில் வாங்கியபோது இன்னும் சூடு இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு பக்கம் புகை படிந்திருந்தது. காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே அறுந்த கம்பி கிணுகிணு என்றது. நீங்கள் இப்படித்தான் ஆட்டிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு “போச்சு” என்று ஒரு சொல் சொல்வீர்கள், மறு நிமிஷம் சேலையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

இந்த வீட்டில் பல்பு வாங்குவது உங்கள் வேலை. அடுப்பு, துணி, கோழி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூ எல்லாவற்றையும் என் தலையில் கட்டினீர்கள். பல்பை மட்டும் தொட விட்டதில்லை. நானும் ஏதோ ராஜ்ஜியம் பறிபோன மாதிரி வருத்தப்படவில்லை. “எங்க மதினிக்குப் பல்புப் பைத்தியம்” என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்ததோடு சரி. ஆக, எண்பத்தாறு வயதில் முதல்முறையாகப் பல்பு வாங்கக் கடைக்குப் போனேன்.

செல்விதான் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். நீங்கள் வழக்கமாகப் போகும் அதே சீனர் கடை. பெரியவர் இப்போது இல்லை, மருமகள் பார்த்துக்கொள்கிறாள். கருகின பல்பை மேசைமேல் வைத்து, “இதே மாதிரி ஒன்று” என்றேன். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன். அவள் பின்னால் திரும்பிச் சுவரைக் காட்டினாள். சுவர் முழுக்கப் பல்பு.

முதல் கேள்வி, பின்னா ஸ்குரூவா என்று. அது பரவாயில்லை, கையில் இருந்ததைப் பார்த்துப் பின் என்று அவளே முடிவு செய்தாள். அடுத்து எத்தனை வாட் என்றாள். நாற்பது என்றேன். நாற்பது இப்போது வருவதில்லையாம். ஐந்து வாட் ஒன்றை எடுத்துக் காட்டி, இதுதான் நாற்பது என்றாள். ஐந்து எப்படியம்மா நாற்பது ஆகும்? செல்வி விளக்கினாள், எனக்கு ஏறவில்லை. அப்புறம் நிறம். வார்ம் ஒயிட், கூல் ஒயிட், டேலைட். வெள்ளை என்றால் வெள்ளை என்றுதான் எனக்குத் தெரியும், அதில் மூன்று ஜாதி இருப்பது தெரியாது. கடைசியாக, இது பதினைந்து வருஷம் எரியும் என்றாள். “பல்புக்குச் சரி, எனக்கு யாரு கேரண்டி?” என்று கேட்டேன். செல்வி அதை மலாயில் சொன்னதும் கடையே சிரித்தது.

“நெனெக், மாவ் யாங் மானா?” என்று மறுபடியும் கேட்டாள் அந்தப் பெண். எது வேண்டும் பாட்டி என்று. எனக்குத் தலை சுற்றியது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். செல்வி முழங்கையால் இடித்தாள்.

“பெரியம்மா, ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க லா. வாசலுக்குத்தானே? இதுல என்ன இவ்வளவு யோசனை?”

“தூரத்துல இருந்து பார்த்தா எது நல்லாத் தெரியும்னு கேளு.”

“எவ்வளவு தூரம்?”

“ரோட்டு வளைவுல இருந்து.”

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கடைக்காரப் பெண்ணிடம் அவள் அதைக் கேட்கவே இல்லை. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னைக் காரில் ஏற்றினாள். இரண்டும் இதோ மேசைமேல் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டு நாளாக வாசல் இருட்டாகத்தான் கிடக்கிறது. எதை மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை மதினி. யாரைக் கேட்பேன்?

நான் வளைவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் நீங்கள். கடைசி வாரம் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்தீர்கள். என் கையைப் பிடித்தீர்கள். கொதித்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“ஏ புள்ள, அந்த மங்கப் பல்பக் கழட்டு. அவுக வளைவுல நிக்காக. மங்கலா எரிஞ்சா வந்துராதீகன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாக.”

“எந்தப் பல்பு மதினி?”

“கறுப்பு நூல் கட்டுனது.”

பிறகு தூங்கிவிட்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். உங்களுக்கு அது காய்ச்சல் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் கறுப்பு நூல் கட்டிய பல்பை என் வாழ்நாளில் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில், ஒரே ஒரு சாயங்காலம். அன்றைக்கு அந்த வளைவில் என் அண்ணன் நின்றாரா, என்னால் திரும்பிப் போனாரா? இந்த மூன்று மாதமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீங்கள் இருந்தால் நேராகக் கேட்டிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், எங்கே தப்பு என்று நீங்களே பாருங்கள்.

அண்ணன் எஸ்டேட்டில் டைனமோவைப் பார்த்துக்கொண்டவர். மேலே ஓடையைக் குழாயில் இறக்கி, பாக்டரிக்குப் பின்னால் கரண்ட் எடுத்தார்கள். அந்தக் கரண்டில் பாக்டரி, துரை பங்களா, ஆஸ்பத்திரி, அப்புறம் டைனமோக்காரர் என்பதால் நம் வீட்டு வாசலில் ஒரே ஒரு பல்பு. லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருக்கும் கிடையாது. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பல்பின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? கழுத்து சுளுக்கிக்கொண்டது. அண்ணன் தேய்த்துவிட்டார். நான் அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீங்கள்.

தாப்பா டவுனில் வாங்கும் பல்பு நம் எஸ்டேட்டில் சரியாக எரியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடிமேல் அச்சடித்த எழுத்தும் கைபட்டு அழிந்துவிடும். டவுன் கரண்ட்டில் பாதிகூட நம் கரண்ட்டுக்கு வலு இல்லை. ஒரு தடவை யாரோ தெரியாமல் டவுன் பல்பை வாங்கி வந்து, மாட்டினால், அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பாக மினுங்கியது. நான் பல்பு கெட்டுப்போச்சு என்றேன். அண்ணன் சிரித்தார்.

“பல்பு நல்ல பல்புதான். நம்ம கரண்ட்டு அதுக்கு அரை வயித்துக்குத்தான் காணும்.”

அதை எறியாமல் கழுத்தில் கறுப்பு நூல் கட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். நல்ல பல்போடு கலந்துவிடக் கூடாது என்று.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார். பங்களா பல்பை எல்லாம் சிப்பாய்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். தேயிலை பாதி, மரவள்ளி பாதி என்று ஆனது எஸ்டேட். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. ஏற்றிய முப்பது பேரில் அண்ணனும் ஒருவர். டைனமோவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாரத்தில் மூன்று நாள்தானே பாக்டரி ஓடுகிறது, உதவியாள் போதும் என்றுவிட்டார்கள். லாரி கிளம்பும்போது அண்ணன் வாசல் பல்பைத்தான் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அதில் பார்க்க என்ன இருந்தது என்று எனக்கு அப்போதே குழப்பம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் குழப்பம். நாலு மாதம் வாசல் பல்பை நீங்கள் சீண்டவே இல்லை. பிறகு ஒரு நாள், காட்டிலிருந்து பிரம்பு கொண்டுவந்து உப்புக்கு மாற்றிக்கொள்ளும் அஸ்லிக் காட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டுப் பின்பக்கம் வந்துவிட்டுப் போனார். நீங்கள் நம்மிடம் இருந்த கடைசிக் கைப்பிடி உப்பை அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். நான் சண்டை பிடித்தேன். அன்று சாயங்காலமே பல்பை ஈரத்துணியால் துடைத்து ஏற்றி வைத்தீர்கள். அதன் பிறகு டைனமோ ஓடிய ஒவ்வொரு நாளும், ஆறு மணிக்கு. இருட்டைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். “நான் இருக்கேன்ல மதினி, என்ன பயம்?” என்று பெரிய மனுஷி மாதிரி கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அழுகிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

அண்ணன் லாரியிலிருந்து குதித்துத் தப்பி மலைக்கு அந்தப் பக்கம் காட்டில் இருக்கிறார் என்று அந்த உப்புக்காரர் சேதி கொண்டுவந்திருக்கிறார். இப்போதுதானே புரிகிறது. பளிச்சென்று எரிந்தால் வா, மங்கலாக எரிந்தால் வராதே என்று அந்த உப்புக்காரர் மூலமாகவே நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். என்னுடையது ஓட்டைவாய். காலையில் எனக்குத் தெரிந்தது மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் தெரியும், சாயங்காலம் கீழே ரிங்லெட் ஊருக்கே தெரியும். உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சொல், மதினி. “அந்தப் பல்பைத் தொடாதே” என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால்?

நான் அப்போது ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அன்று கண்ணம்மாக்காவுக்குப் பிரசவ வலி. அவர் வீட்டுக்காரரும் அதே லாரியில் போனவர்தான். பிள்ளை குறுக்கே கிடந்தது. மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அங்கே இருந்த பல்பு இரண்டு நாள் முன்னால் போயிருந்தது. மண்ணெண்ணெய் சொட்டு இல்லை.

எங்களுக்கு டாக்டர் மாதிரி இருந்த டிரசர் கையைக் கழுவிக்கொண்டே சத்தம் போட்டார். “வெளிச்சம் இல்லாம கை வைக்க முடியாதும்மா. தாய் பிள்ளை ரெண்டும் போயிடும். எங்கயாச்சும் போய் ஒரு பல்பு கொண்டா, ஓடு!”

எங்கேயாவது என்றால் நம் வீடுதான். ஓடினேன். நீங்கள் ரேஷன் அரிசி வாங்க ரிங்லெட்டுக்குப் போயிருந்தீர்கள். முதலில் டின்னைத் திறந்தேன், இருக்கிற பல்பில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒன்றுதான் இருந்தது, கறுப்பு நூலோடு. நூல் எதற்கு என்பது எனக்கு மறந்தே போச்சு. வாசல் பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பார்த்தேன். கங்கு மாதிரி மினுங்கியது. அப்போதுதான் நினைவு வந்தது, இது அந்த டவுன் பல்பு என்று. இது பிரசவத்துக்கு ஆகாது. ஆகவே நல்லதை மடியில் கட்டிக்கொண்டேன்.

இங்கேதான் மதினி. நான் அப்படியே மங்கப் பல்பையும் கழற்றி டின்னில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வாசல் இருட்டாக இருந்திருக்கும். இருட்டாக இருந்தால் டைனமோ நின்றுவிட்டது என்று டைனமோக்காரருக்குத் தெரியாதா? உட்கார்ந்து காத்திருப்பார். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அரிசி சுமந்து ஆறு மைல் ஏறி வருவீர்கள், இருட்டு வீட்டில் நுழையக் கூடாதே, ஒன்றும் இல்லாததற்கு இந்த மினுக்கமாவது இருக்கட்டும் என்று அதை எரியவிட்டு ஓடினேன். ஓடும்போது, எவ்வளவு பொறுப்பான பெண் நான் என்று எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

நல்ல பல்பு ஆஸ்பத்திரியில் எரிந்தது. டிரசர் கை வைத்தார். கண்ணம்மாக்கா போட்ட சத்தம் பாக்டரி வரை கேட்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றீர்கள். அரிசிப் பை இன்னும் தலையில் இருந்தது. ஓடி வந்திருக்கிறீர்கள், மூச்சு இரைத்தது.

“யாரு புள்ள அத மாட்டுனது?”

“நான்தான் மதினி. நல்லத இங்க கொண்டாந்துட்டேன். பாருங்க, எப்படி எரியுது!”

நீங்கள் நிமிர்ந்து பல்பைப் பார்த்தீர்கள். உங்கள் வலது கை மெல்ல மேலே எழும்பியது. கண் கூசுகிறது, மறைத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் கை கண்ணுக்குப் போகவில்லை. பல்புக்குப் போனது. எட்டிப் பிடித்துக் கழற்றிக்கொண்டு ஓடினால் வீட்டில் மாட்டிவிடலாம். அண்ணன் அதிக தூரம் போயிருக்க மாட்டார். அப்படித்தானே நினைத்தீர்கள்?

அதற்குள் டிரசர், “யாராச்சும் வந்து காலைப் பிடிங்க!” என்று கத்தினார். நீங்கள் கையை இறக்கினீர்கள். அரிசிப் பையை மூலையில் வைத்தீர்கள். கண்ணம்மாக்காவின் காலைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிரசவம் பார்க்காதவள், பயந்துவிட்டாள் என்று நான் உங்களைத் தட்டிக்கொடுத்தேன். நான், உங்களைத் தட்டிக்கொடுத்தேன்!

செல்வி பிறந்தாள். தாயும் பிழைத்தாள். வீட்டுக்கு வந்தால் வாசல் இருட்டு. ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே மங்கப் பல்பைக் கழற்றியிருக்கிறீர்கள்.

“ஏன் மதினி கழட்டுனீங்க?”

“கண்ண உறுத்துது.”

அந்த மினுக்கமா கண்ணை உறுத்தும் என்று நான் சிரித்தேன்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூட்டம் சேருமுன்பே வளைவுக்குப் போய் வந்தீர்கள். கையில் ஒரு மூங்கில் குழாய், நிறையத் தேன். “காட்டுக்காரரு குடுத்தாரு” என்றீர்கள். சர்க்கரையைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் விரலை விட்டு விட்டு நக்கினேன். நீங்கள் ஒரு சொட்டுத் தொடவில்லை. பிடிக்காதாக்கும் என்று உங்கள் பங்கையும் நானே தின்றேன். காட்டுக்காரர் கொடுத்ததா மதினி அது, இல்லை அண்ணன் வைத்துவிட்டுப் போனதா? இப்போது யார் தேன் கொடுத்தாலும் தள்ளி வைத்துவிடுகிறேன்.

ஆனால் அதே காலையில்தான் சிப்பாய்கள் வந்தார்கள். சயாமுக்குப் போகிற வழியில் தப்பியவர்களைத் தேடுகிறார்கள் என்று கிராணி சொன்னார். லயம் லயமாகப் புகுந்து இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. நம் வீட்டிலும் கூரைக்கடியில் அட்டத்தின்மேல் ஏறிக் குத்திப் பார்த்தார்கள். அண்ணன் அன்று இரவு வீட்டுக்கு வந்து தங்கியிருந்தால்? அப்படிப் பார்த்தால் நான்தான் அவரைக் காப்பாற்றினேன். இப்படிப் பார்த்தால் நான்தான் அவரைத் துரத்தினேன். ஒரு நாள் அந்தப் பக்கம் சாய்கிறேன், ஒரு நாள் இந்தப் பக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மணிக்கு மூடுபனி இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மணிக்கு? பனி விலகாமல் இருந்திருந்தால் அந்தக் கங்கு வெளிச்சம் வளைவு வரை எட்டியிருக்கவே முடியாது. நீங்கள் வந்தபோது தலை ஈரமாக இருந்ததா? ஓடி வந்த வேர்வையா, பனியா? உங்கள் சேலை நிறம் நினைவிருக்கிறது, அரிசிப் பையில் இருந்த ஓட்டை நினைவிருக்கிறது, இது மட்டும் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் வரவில்லை. இது ஒன்று தெரிந்தால் போதும், நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

மூன்றாம் நாள் டிரசர் பல்பைத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் மறுபடி ஏற்றினீர்கள். யுத்தம் முடியும் வரை ஏற்றினீர்கள். சயாமிலிருந்து பாதிப் பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான், “உங்க அண்ணன் ஈப்போ தாண்டினதும் குதிச்சிட்டாரும்மா, வீட்டுக்கு வந்துட்டாருன்னுல்ல நெனச்சோம்” என்றார். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காட்டுக் காய்ச்சலில் போயிருப்பார் என்று ஊர் சொன்னது. நீங்கள் தாலியைக் கழற்றவில்லை, பல்பையும் அணைக்கவில்லை.

செல்வி பிறந்து நாற்பது நாள் அவளை நீங்கள் தொடவே இல்லை. வயிற்றில் ஒன்றும் தங்காத பெண்ணுக்கு வரும் ஏக்கம் என்று நானும் கண்ணம்மாக்காவும் பேசிக்கொண்டோம். ஒரு காலையில் நீங்களாகவே போய்த் தூக்கினீர்கள். அதற்கப்புறம் கீழே விட்டீர்களா? பாதி நாள் நம் வீட்டில்தான் வளர்ந்தாள். அவள் புருஷன் பாக்டரியில் இருந்ததால்தான் இந்த வீடு நம்மிடம் நின்றது. கடைசியில் உங்களுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள் கைதான். அந்த நாற்பது நாளில் உங்களுக்குள் என்ன நடந்தது மதினி? என்னை மன்னிக்க எத்தனை நாள் ஆனது? மன்னித்தீர்களா, இல்லை மன்னிக்காமலேதான் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டீர்களா?

பல்பை என்னைத் தொட விடாததற்கு உங்களுக்கு என்மேல் கோபம் என்று வைத்துக்கொள்ளவா? இல்லை, தொட்டால் ஏதாவது கேட்பேன், கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தீர்களா? இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

இன்று மத்தியானம் பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தேன். உங்கள் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது. அதற்குள் தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் சுற்றி, அதே பல்பு. கறுப்பு நூல் சாம்பல் நிறமாகியிருந்தது. ஏன் உடைத்து எறியவில்லை நீங்கள்? எஸ்டேட்டுக்குப் பெரிய லைன் கரண்ட் வந்து டைனமோ நின்றபோது, பழைய பல்பெல்லாம் வெடிக்கும் என்று எல்லாரும் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்கள். இதை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

காதருகே வைத்து ஆட்டினேன். சத்தம் இல்லை. கம்பி அறாமல் இருந்தது. அறுவதற்கு அது எங்கே எரிந்தது, ஒரு சாயங்காலம் தவிர? அப்போதுதான் அண்ணன் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. பல்பு நல்ல பல்புதான்.

ஆறு மணிக்குச் செல்வியின் மகனிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன்.

“பாட்டி, இது எந்தக் காலத்து சாமான்? வெடிச்சிடப் போவுது லா. புதுசு ரெண்டு வாங்கியிருக்கீங்களே!”

“மாட்டுடா.”

ஸ்விட்சைப் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாசல் முழுக்க வெளிச்சம். படி, செம்பருத்திச் செடி, கோழிக்கூண்டு எல்லாம் தெரிந்தது. கங்கு மாதிரி இல்லை மதினி. நீங்கள் வாங்கிய எந்தப் பல்பும் இப்படி எரிந்ததில்லை. டவுன் பல்பு, இப்போது நம் வீட்டில் ஓடுவதும் டவுன் கரண்ட். அதற்கு வயிறு நிறைந்துவிட்டது. வராதே என்று சொன்ன அதே பல்பு. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். இது உங்களுக்குத் தெரியும், இல்லையா? தெரிந்துதான் ஏற்றாமல் வைத்திருந்தீர்களா, இல்லை என்றைக்காவது ஏற்றலாம் என்று வைத்திருந்தீர்களா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு வளைவு வரை நடந்தேன். அவளுக்கும் மூட்டு வலி, எழுபதை நெருங்குகிறாள். இரண்டு கிழவிகளும் நின்று நின்று ஏறினோம். வளைவில் இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். பனி இல்லை. கீழே அத்தனை வீட்டு விளக்குக்கும் நடுவில் நம் வாசல் தனியாகத் தெரிந்தது.

“நல்லாத் தெரியுது பெரியம்மா,” என்றாள் செல்வி. “கடையில இருந்தே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. இங்கேருந்து யாருக்குத் தெரியணும்?”

எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்பு, நூல், தேன், அவள் பிறந்த அறை. இந்த வாயில் எது நின்றிருக்கிறது? செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வாசல் வெளிச்சம் அவள் மூக்குக் கண்ணாடியில் இரண்டு புள்ளியாகத் தெரிந்தது. உங்கள் கை மேலே எழும்பி, கீழே இறங்கியது நினைவுக்கு வந்தது.

“சும்மாதான் கேட்டேன்,” என்றேன். “குளிருது. வா, போலாம்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு அவளோடு இறங்கி வந்தேன். சொல்லாமல் வைத்துக்கொள்வது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மதினி.

உங்கள்
ஓட்டைவாய்